ஐந்தேகால் அடிக் கட்டில்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அவர்கள் பதிவு செய்த வீடு எட்டாவது மாடியா ஒன்பதாவது மாடியா என்பதில் குழப்பம் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது என்று சில சமயம் தோன்றுகிறது. இல்லை, கண்ணாடிச் சுவரில் வெயில் பட்டுக் கண் கூசியது என்று வேறு சில சமயம் தோன்றுகிறது. யார் முதலில் வாய் திறந்தார்கள் என்பதைக்கூட அடித்துச் சொல்ல மாட்டேன். அளவுகளை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். அவற்றைத் தச்சர் என்னிடம் சொன்னபோது தேநீர்க் கடை மேசையில் ஈர விரலால் கோடு போட்டுக் காட்டினார். கோடு காய்ந்ததும் மறுபடி போட்டார்.

தச்சருக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. நகரத்தின் ஓரத்தில், தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்றில் பதினோரு பேரோடு வேலை பார்த்தார். அங்கே அவருக்கு 'முக்கால்' என்று பட்டப்பெயர். ஆள் குட்டை என்பதால் அந்தப் பெயர் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார். உண்மையான காரணம் வேறு.

அந்தப் பட்டறை செய்தது ஒரே வகைச் சாமான்தான். புதிதாக எழும்பும் அடுக்குமாடிக் கட்டடங்களில், வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகக் கீழ்த்தளத்தில் ஒரு மாதிரி வீடு வைப்பார்கள். ஓர் அறை, ஒரு குளியலறை, அறையின் மூலையில் ஓர் அடுப்பு மேடை. வீடே அவ்வளவுதான். அதை வெறுமனே காட்டினால் வந்தவர் வாசலிலேயே திரும்பிவிடுவார். கட்டிலும் மேசையும் போட்டுக் காட்டினால் நிற்க இடமிருக்காது. அதனால் சாமான்களைச் சுருக்கினார்கள். எட்டில் ஒரு பங்கைக் குறைத்துவிடுவது. முக்காலே அரைக்கால் அளவு. ஆறடிக் கட்டில் ஐந்தேகால் அடி ஆகும். நான்கடி அகலம் மூன்றரை ஆகும். இரண்டடி ஆழமுள்ள அலமாரி ஒன்றே முக்கால் ஆகும்.

நீளத்தை மட்டும் வெட்டினால் கண் கண்டுபிடித்துவிடும். பலகையின் கனமும் குறைய வேண்டும். கைப்பிடி சிறுக்க வேண்டும். மெத்தையும் தலையணையும் மெலிய வேண்டும். இரண்டு இழுப்பறைகளுக்கு நடுவே விடும் இடைவெளிகூட அதே விகிதத்தில் இறங்க வேண்டும். எல்லாம் ஒன்றுபோலச் சுருங்கிவிட்டால் எதுவும் சுருங்கியதாகத் தெரியாது. அறைதான் பெரிதாகத் தெரியும். தச்சரின் கையில் அந்த விகிதம் ஊறிப்போயிருந்தது. அளவுகோலைத் தொடாமலேயே பென்சில் கோடு போடுவார். கதவை மட்டும் சுருக்க முடியாது, ஆள் உள்ளே வந்தாக வேண்டுமே. அதனால் மாதிரி வீட்டில் கதவையே கழற்றி வைத்துவிடுவார்கள்.

இதில் சட்டப்படி குற்றம் ஒன்றுமில்லை. 'இங்குள்ள மரச்சாமான்கள் காட்சிக்கு மட்டும்' என்று வாசல் பக்கம் ஓர் அட்டை இருக்கும். அந்த அட்டையும் சின்னதுதான்.

வேலைக்குச் சேர்ந்தபோது, இதை வெளியே பேச மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வீட்டில், ஓட்டல்களுக்குச் சாமான் செய்வதாகச் சொன்னார். முதல் வருஷம் கையெழுத்துக்குப் பயந்து சொல்லவில்லை. அதற்குப் பிறகு, முதல் வருஷமே சொல்லாமல் விட்டோமே என்பதால் சொல்லவில்லை. இப்படியே ஆறு வருஷம் ஓடிப்போயிருந்தது.

அவர்கள் குடியிருந்தது மனைவியின் அண்ணன் வீட்டில். அண்ணன் பேருந்து ஓட்டுநர். இரண்டு அறை உள்ள வாடகை வீடு. ஓர் அறையில் ஓட்டுநரும் அவர் மனைவியும். இன்னோர் அறையின் குறுக்கே ஒரு பெரிய அலமாரியை நிறுத்தி இரண்டாக்கியிருந்தார்கள். அலமாரியின் முகம் இருந்த பக்கம் ஓட்டுநரின் மகனுக்கு. முதுகு இருந்த பக்கம் தச்சருக்கும் மனைவிக்கும் பதினாறு வயது மகளுக்கும். ஒன்பதடிக்கு ஏழடி. கல்யாணமான புதிதில் தச்சர் தன் கையால் செய்த ஆறடிக் கட்டில் அதில் கிட்டத்தட்டப் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டது. தாயும் மகளும் கட்டிலில். தச்சர் தரையில், கால்களைக் கட்டிலுக்கு அடியில் நீட்டிப் படுப்பார். அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து கைக்குட்டை நீட்டலாம் என்பது ஓட்டுநர் மச்சானின் பழைய நகைச்சுவை. எல்லோரும் சிரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அவர் சொல்வதை நிறுத்தவில்லை.

மனைவி ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் விரிப்புகளை மடிப்பவள். நாள் முழுக்க நின்றபடி வேலை. கணுக்கால் வீங்கித்தான் வீடு திரும்புவாள். அவளுக்கு எதையும் கட்டிலால் அளப்பது பழக்கம். கணவன் செய்த கட்டில் ஆறடி, அதில் இம்மியும் கூடாது, குறையாது. ஆகவே உலகத்தில் மற்ற எல்லாவற்றையும் அதைக் கொண்டே அளந்தாள். மருந்துக் கடை இரண்டு கட்டில் அகலம். சலவை இயந்திரம் ஒன்றரைக் கட்டில். பேருந்து நிறுத்தத்தின் நிழற்கூரை மூன்று கட்டில், அதிலும் ஒரு கட்டில் ஒழுகும்.

ஓட்டுநரின் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நான்கு மாதம் இருந்தது. யாரும் இவர்களைப் போகச் சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் பெருக்குவதற்காக அலமாரியை நகர்த்திய அண்ணி, அதைத் திரும்ப வைப்பதற்கு முன் கொஞ்சம் யோசித்துவிட்டு வைத்தாள். அந்த யோசனையை மனைவி பார்த்துவிட்டாள்.

வீடு தேடாமல் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. பல வருஷமாகத் தேடினார்கள். போகிற இடத்திலெல்லாம் தச்சர் கதவு நிலையைத் தட்டிப் பார்ப்பார், சுவரை முகர்ந்து ஈரம் என்பார், சன்னல் சட்டம் கோணல் என்பார். யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிடுவார்கள். அடுத்த வருஷம் அதே ஈரத்துக்கும் அதே கோணலுக்கும் விலை இன்னும் ஏறியிருக்கும். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவதில்லை, குற்றம் பார்க்கத்தான் போகிறார் என்று மச்சான் சொன்னது வீட்டில் ஒரு சொலவடை போலவே ஆகிவிட்டது. அதனால் இந்த முறை அவள் அவரிடம் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, தன் விடுமுறை நாளில், அண்ணியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள். பார்த்த இடத்திலேயே, சலவைக்கூடத்தில் சேர்த்த பணத்தை அட்வான்ஸாகக் கட்டிப் பதிவு செய்துவிட்டாள். மீதிக்குக் கடன். தச்சரின் சம்பளச் சீட்டுகளைக் காட்டித்தான் அந்தக் கடனை வாங்க முடியும். பத்து நாளுக்குள் மனம் மாறினால் கட்டிய பணம் முழுக்கத் திரும்பக் கிடைக்கும் என்றும், அதன் பிறகு கிடைக்காது என்றும் படித்துக் காட்டினார்களாம். மனம் எதற்கு மாறப்போகிறது என்று இவள் சிரித்தாளாம்.

அன்று மாலை அவர் வந்து கை கழுவுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். குற்றம் சொல்ல இடைவெளி விடக் கூடாது என்பது போல அவசர அவசரமாகச் சொன்னாள். நல்ல வெளிச்சமாம். சன்னலுக்கு எதிரே முழு நீளக் கண்ணாடியாம். கட்டில், மேசை, இரண்டு நாற்காலி, அலமாரி, இத்தனையும் போட்ட பிறகும் நடுவே தாராளமாக நடக்கலாமாம். கட்டிலின் தலைமாட்டில் மூன்று பட்டைகள், நடுப்பட்டை மட்டும் வெளிர் நிறம் என்றாள்.

தச்சருக்கு அந்த நடுப்பட்டையைத் தெரியும். மரம் போதாமல் வேறொரு துண்டை அங்கே ஒட்டியது அவர்தான்.

"பாத்தா உங்க கட்டில் மாதிரியே இருந்துச்சுங்க. அங்கயே மனசு நின்னுபோச்சு. கயிறு கட்டியிருந்தாங்க, கிட்டப் போக விடல. நான் தரையில டைல்ஸ எண்ணிட்டேன். கட்டிலுக்கு ஏழு, சுவருக்குப் பதினாலு. ரெண்டு கட்டில். பன்னண்டு அடி வருதா?"

"எண்ணியா பாத்த?"

"பின்ன? யாரு பொண்டாட்டி நான்."

அந்த டைல் ஒவ்வொன்றும் ஒன்பது அங்குலம். பத்தரை அடி. குறுக்கே எட்டடி. வாசலில் கதவை மாட்டினால் அது இவர்களுடைய கட்டிலின் காலில் இடித்துப் பாதியில் நிற்கும். சொம்பிலிருந்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் தச்சரின் தலைக்குள் வீடு சுருங்கித் தன் உண்மை அளவுக்கு வந்துவிட்டது. அவள் கடன் விண்ணப்பத்தை எடுத்து வைத்து, பெருக்கல் குறி போட்ட இடத்தைக் காட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். அவள் முகம் அப்படி இருந்தது என்றார். அது எப்படி இருந்தது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சொல்ல முயற்சி செய்யாமலும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் அவளோடு பேருந்து நிறுத்தம் வரை நடந்தார். வழக்கமாக அவர் எதிர்த்திசையில் போகிறவர். இவர் கூட வருவதைப் பார்த்ததுமே அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது. பாதி வழியில் நின்றாள்.

"ஒண்ணு கேக்கறேன். இந்த ஒரு தடவை மட்டும் எந்தக் குத்தமும் சொல்லாதீங்க. அங்க ஒரு கதவு இருக்கும். உள்ள போய்ச் சாத்திக்கலாம். எனக்கு அது போதும். வேற எது கோணலா இருந்தாலும் நான் பாத்துக்கறேன்."

அவர் தலையாட்டினார். அவள் பேருந்தில் ஏறிப் போனாள். அவர் மூன்று கட்டில் நீளக் கூரையின் கீழ் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வேலைக்குப் போனார்.

ஐந்தாம் நாள் மச்சானிடமாவது சொல்லிவிடலாம் என்று பணிமனைக்குப் போனார். மச்சான் அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டு சக ஓட்டுநர்களிடம் காட்டினார். எங்க மாப்பிள்ளை சொந்த வீட்டுக்காரர் ஆகிவிட்டார், இனிமேல் நாங்கள்தான் அனுமதி கேட்டு உள்ளே போக வேண்டும் என்றார். தங்கைக்கு இவ்வளவு நாள் ஓர் அலமாரியின் முதுகைத்தான் கொடுக்க முடிந்தது என்பது அவருக்கு உள்ளூர அரித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அன்று அவர் நிமிர்ந்து நின்றார். தச்சர் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினார்.

ஆறாம் நாள்தான் அவர் செய்ததிலேயே விசித்திரமான காரியம். மதிய இடைவேளையில், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, ஒரு ப்ளைவுட் பலகையில் அந்த வீட்டை அளவு சுருக்கி வரைந்தார். அதற்குள் தங்கள் சாமான்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். அடங்கவில்லை. பிறகு அதே சாமான்களை முக்காலே அரைக்காலாக வரைந்தார். எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தன. அவருக்கு மூச்சு வந்தது. வீடு கட்டி முடிய இன்னும் மூன்று மாதம் ஆகும். அதற்குள் புதிதாக ஒரு கட்டில், ஒரு மேசை, ஓர் அலமாரி. புது வீட்டுக்குப் புதுச் சாமான் என்று சொன்னால் யார் அளக்கப்போகிறார்கள். அவளுடைய பன்னிரண்டு அடி அவளுக்குப் பன்னிரண்டு அடியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஊரார் கண்ணுக்கு ஆறு வருஷமாகச் செய்ததைத் தன் வீட்டுக்கும் ஒரு தடவை செய்துவிட்டால் போதும்.

அன்று மாலை மகள் கட்டிலில் மல்லாந்து படுத்துப் பாடப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். தாயையும் தகப்பனையும் தாண்டி வளர்ந்தவள் அவள். ஒட்டகச்சிவிங்கி என்று மாமன் கேலி செய்வார். ஐந்தடி ஆறங்குலம். அவளுடைய குதிகாலுக்கும் கட்டிலின் கடைசிச் சட்டத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. தச்சர் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னப்பா பாக்குற?"

ஒன்றுமில்லை என்றார். பலகையில் வரைந்ததை மறுநாள் இழைப்புளியால் சீவிவிட்டார். ஆனால் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் வேலை இருக்கும், வேலை இருந்தால் கடன் கிடைக்கும், கடன் கிடைத்தால் சின்னதோ பெரியதோ ஒரு வீடு இருக்கும். வீட்டுக்குள் வைத்து அவளிடம் மட்டும் சொன்னால் வேலைக்கும் ஆபத்தில்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல. சொன்னால் அவள் அந்த வீட்டை வேண்டாம் என்றுவிடுவாள் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் நாள் ஞாயிறு. மாலையில் அண்ணனையும் மகளையும் கூட்டிப் போய் மாதிரி வீட்டைக் காட்டப்போவதாக மனைவி சொன்னாள். தனக்கு வேலை இருப்பதாகத் தச்சர் நழுவினார். சொன்ன பொய் கொஞ்ச நேரத்தில் உண்மையாகிவிட்டது. பட்டறையிலிருந்து அழைப்பு வந்தது. அந்தக் கட்டடத்தின் மாதிரி வீட்டில் யாருடைய குழந்தையோ கயிற்றைத் தாண்டிப் போய்க் குதித்ததில் கட்டிலின் கால் ஒன்று விட்டுப்போயிருந்தது. அந்தக் கட்டில்கள் பார்க்கத்தான், படுக்க அல்ல. கால்களைச் சதையில்லாமல் சீவியிருப்பார்கள். மாலைக்குள் முடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று கருவிப் பெட்டியோடு போனார். மச்சானின் பணி நேரம் மாறிவிட்டதும், அவர்கள் முற்பகலிலேயே கிளம்பிவிட்டதும் அவருக்குத் தெரியாது.

கட்டிலுக்கு அடியில் படுத்துத் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தபோது முதலில் செருப்புகளைத்தான் பார்த்தார். வார் அறுந்து அவரே மனைவிக்குத் தைத்துக் கொடுத்த செருப்பு. பக்கத்தில் மச்சானின் கறுப்புச் சப்பாத்து. அப்படியே அடியிலேயே கிடந்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்ததாம். வெளியே வந்தார்.

மனைவி திகைத்து நின்றாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது. அதை எதிர்பார்க்கவில்லை என்றார் தச்சர்.

"இதெல்லாம் உங்க வேலையா?" என்றவள் பதிலுக்குக் காத்திராமல் அண்ணன் பக்கம் திரும்பினாள். "பாத்தியாண்ணே. அவரு கட்டில் மாதிரியே இருக்குன்னு சொன்னேன்ல. அவரோட கட்டிலேதான். ஆறடி. கண்ண மூடிட்டு நம்பலாம்."

அறையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். இளம் தம்பதி ஒன்று, வயதான தம்பதி ஒன்று. பெரியவர் தன் மனைவியிடம் மெதுவாக, செய்தவரே இருக்கிறார், ஆறடியாம் என்றார். வீட்டைக் காட்டும் விற்பனைப் பெண் புன்னகையோடு முன்னால் வந்து, சார் எங்களுக்கு ரொம்ப வேண்டியவர், நீங்கள் கவலையே பட வேண்டாம் என்றாள். சொல்லிக்கொண்டே தச்சரை ஒரு பார்வை பார்த்தாள். மிரட்டல் என்று சொல்ல முடியாது. அவளும் சம்பளத்துக்கு நிற்பவள்தான்.

கண்ணாடியில் எல்லோரும் தெரிந்தார்கள். எல்லோரும் அவருடைய பதிலுக்காக அல்ல, அவர் ஒதுங்கி வழி விடுவதற்காகக் காத்திருந்தார்கள். தச்சர் இடுப்பிலிருந்த டேப்பை எடுத்தார். நுனியைத் தலைமாட்டில் வைத்து மனைவியின் கையில் கொடுத்தார். கயிற்றை அவிழ்த்துவிட்டு மறுமுனைக்கு நடந்தார்.

"வந்து படி" என்றார்.

நுனியை மகளிடம் கொடுத்துவிட்டு அவள் வந்து குனிந்து படித்தாள். தச்சனின் மனைவி, அங்குலம் தெரியாதவள் அல்ல.

"அறுபத்தி மூணு." பிறகு இன்னொரு தடவை குனிந்தாள். "எழுவத்தி ரெண்டு இருக்கணும்."

அவர் டேப்பைத் தரையில் ஒரு டைலின் மேல் வைத்தார். ஒன்பது. யாரும் ஒன்றும் விளக்கவில்லை. மகளுக்குத்தான் முதலில் புரிந்தது.

"அப்ப ரூமும் சின்னதாப்பா?"

அவர் தலையாட்டினார். விற்பனைப் பெண் தணிந்த குரலில், இது தேவையா சார் என்றாள். வாசலில் அட்டை வைத்திருக்கிறோமே என்றும் சொன்னாள். இளம் தம்பதி வாசல் பக்கம் போய் அந்த அட்டையைப் படித்தார்கள். பெரியவர் கட்டிலின் ஓரத்தில், யாரும் தடுக்காததால், உட்கார்ந்துவிட்டார்.

வீடு திரும்பும்போது பேருந்தில் மனைவி மகளோடு உட்கார்ந்துகொண்டாள். தச்சர் கம்பியைப் பிடித்து நின்றார். பக்கத்தில் மச்சான். அவர் வாயில் அன்று ஒரு கேலியும் வரவில்லை.

"வீட்லயே சொல்லியிருக்கலாமே மாப்ள" என்றார் இறங்கும் இடம் நெருங்கியபோது. "ஒம்போது நாள் இருந்துச்சே."

நான்கு மணிக்குப் பட்டறை முதலாளி அழைத்தார். கத்தவில்லை. நாளைக்கு வர வேண்டாம், பெட்டியை உன்னோடே கொண்டுபோய்விட்டாய் அல்லவா, நல்லது என்றார். அவ்வளவுதான். அதன் பிறகுதான் தச்சர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஓட்டல்கள் இல்லை என்பதை, ஆறு வருஷத்தை, பத்தரை அடியை, பாதியில் நிற்கப்போகும் கதவை. அலமாரியின் இந்தப் பக்கம் சொன்னது அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். யாரும் தும்மக்கூட இல்லை. அவள் துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

திங்கட்கிழமை பத்தாம் நாள். வேலையில்லாதவருக்குக் கடன் தர மாட்டார்கள்; அன்றே விலகாவிட்டால் கட்டிய பணமும் போய்விடும். அவள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். அவரும் கூடப் போனார். விலகல் படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அவள் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். 'கணவருக்கு வேலை இல்லை' என்று எழுதினாள். வீட்டின் அளவைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

வெளியே வந்து, சாலையைக் கடக்க நிற்கும்போது பேசினாள். அவரைப் பார்த்துப் பேசவில்லை.

"எனக்குப் பத்தரை அடி போதும்."

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இப்ப இருக்கறது ஒம்போது. அதுல ஒரு கதவும் இல்ல. கதவு பாதிதான் தெறக்கும்னா என்ன, ஒருக்களிச்சு நுழைஞ்சிருப்பேன். பன்னண்டுன்னு நான் சொன்னப்பவே பத்தரைன்னு சொல்லியிருந்தா, சரின்னுதான் சொல்லியிருப்பேன். நீங்க என்னைக் கேக்கவே இல்ல."

வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"இல்ல, நேத்தும் வாயத் தெறக்காம இருந்திருக்கணும். ஆறு வருஷம் இருந்தீங்கல்ல. ரெண்டுல ஏதாவது ஒண்ணு செஞ்சிருக்கலாம்."

"நீ எல்லார் முன்னாடியும் ஆறடின்னு சொன்ன" என்றார் தச்சர். "நம்பலாம்னு சொன்ன."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தது போல இருந்தது. சைகை விளக்கு மாறியது. இருவரும் சாலையைக் கடந்தார்கள். சலவைக்கூடத்துக்குப் போகும் பேருந்து வந்தது, அவள் ஏறிக்கொண்டாள்.

அந்தக் கட்டடத்து வீடுகள் எல்லாம் மூன்று மாதத்துக்குள் விற்றுத் தீர்ந்தன. அன்று வந்த பெரியவரும் அவர் மனைவியும் ஒரு வீடு வாங்கினார்கள். அளவு தெரிந்தேதான் வாங்கினார்கள். விற்பனைப் பெண் வேறு நிறுவனத்துக்கு மாறிப் போனாள். ஓட்டுநரின் மகனுக்குக் கல்யாணம் ஆனது. அந்த அறை முழுவதும் அவனுக்கும் அவன் மனைவிக்கும் ஆனது. ஓட்டுநர் இன்னும் அதே வழித்தடத்தில் ஓட்டுகிறார். தங்கையைப் பார்க்க மாதம் ஒரு முறை போகிறார். தச்சரின் மகள் செவிலியர் படிப்பில் சேர்ந்து விடுதியில், ஓர் அறைக்கு நான்கு பேராக இருக்கிறாள். தச்சர் ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு, பள்ளிக்கூடங்களுக்குப் பெஞ்சு செய்யும் ஓர் இடத்தில் நாள் கூலிக்குச் சேர்ந்தார். மனைவி சலவைக்கூடத்தில்தான் இருக்கிறாள். இப்போது மேற்பார்வை, உட்கார ஒரு நாற்காலி உண்டு. இருவரும் கடைசி நிறுத்தத்துக்கும் அப்பால் ஒரு வாடகை அறையில் குடியிருக்கிறார்கள். வேலைக்குப் போக அவளுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது. வாடகை இரண்டு முறை ஏறியிருக்கிறது. சொந்தமாக எதுவும் வாங்கவில்லை.